தேன்மொழி இமைக்கும் இடம்

பொரியில் பாதியை அவர் தின்றுவிட்டார்.

தியேட்டர் வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தாள். காலைக் காட்சி, வெறும் வயிறு. மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீபன் நெளிந்துகொண்டே சொன்னான். அது தின்பதற்கு இல்லை. தேன்மொழி செத்ததும் திரையில் எறிவதற்கு.

அவர் மென்றதை விழுங்கினார்.

தேன்மொழி அவர் படத்து நாயகி. வாழ்நாளில் அவர் எடுத்தது அந்த ஒரு படம்தான். பார்க்கிறவர்கள் அழ வேண்டும் என்று எடுத்தார். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. இத்தனை வருடம் கழித்து இப்போது வருகிறார்கள், சிரிப்பதற்கு. மாதம் ஒரு ஞாயிறு இதற்கென்றே கூடுகிறார்களாம். ஏற்பாடெல்லாம் தீபன்தான்.

வசனம் அத்தனையும் மனப்பாடம். வில்லன் மீசையைத் தடவினால் அரங்கமே ஒட்டுமீசையைத் தடவுகிறது. நாயகன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் நின்றால் அத்தனை பேரும் சேர்ந்து விரட்டுகிறார்கள்.

இன்றைக்கு விசேஷம். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் நேரில் வந்திருக்கிறார்கள். மேடையேற்றி மாலை போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சேவியர் முதல் பாட்டிலேயே மாலையோடு தூங்கிப்போனார். கொடுத்து வைத்தவர்.

எழுந்து போயிருக்கலாம்.

போகவில்லை. மானம், ரோஷம் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

தேன்மொழியாக நடித்தவள் மரகதம். டைட்டிலில் வேறு பேர். படம் முடிந்த கையோடு அவருக்கு மனைவியானாள். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். படத்தின் பிரதி அவரிடம் இல்லை. இந்தப் பிள்ளைகள் எங்கிருந்தோ ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். வீட்டில் அவள் போட்டோ இருக்கிறது, மாலை போட்டு.

போட்டோ இமைக்காது.

திரையில் பெஞ்சின் மேல் தேன்மொழியைக் கிடத்தினார்கள். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. பொட்டலங்கள் பிரியும் சத்தம்.

இந்த இடத்துக்காகத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள். இந்த இடத்தில் பிணம் கண்ணைத் திறந்து மூடும்.

படத்தின் பேர் கெட்டதே அந்த ஒரு இமைப்பில்தான். ஃபிலிம் தீர்ந்துவிட்டது, மறுபடி எடுக்க முடியவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னார். பொய்யில்லை. ஆனால் அவள் ஏன் இமைத்தாள் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவர் விசும்பிவிட்டார். தானே எழுதிய சாவுக்குத் தானே அழுதார், கிறுக்கன். அது அவள் காதில் விழுந்தது. என்னவோ ஏதோ என்று கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். தான் செத்துக் கிடக்கிறோம் என்பது நினைவு வந்து மூடிக்கொண்டாள்.

அந்த நிமிடத்தில்தான் அவர் மேல் ஆசை வந்ததாம். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள்.

ஐப்பசியில் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் அவர் அழுதார். தலைமாட்டில் உட்கார்ந்து, வேண்டுமென்றே, அவள் காதுக்குக் கேட்கிற மாதிரி. சொந்தக்காரர்கள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் அவள் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அசையவில்லை.

தீபன் மைக்கை நீட்டினான். மாதாமாதம் தேன்மொழியை எழுந்திருக்கச் சொல்லிக் கூப்பிடுவது அவன்தான்.

"சார், இன்னைக்கு நீங்களே கூப்புடுங்க சார். நீங்க கூப்ட்டா கண்டிப்பா எந்திரிச்சுருவாங்க."

அவர் வாங்கிக்கொண்டார். கூட்டம் அடங்கியது. திரை முழுக்க அவள் முகம். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. காது மடலில் பவுடர் சரியாகப் பூசவில்லை. அதை அவர் இன்றைக்குத்தான் கவனித்தார்.

மூணு, ரெண்டு, ஒண்ணு என்று எண்ணினார்கள்.

"எந்திரி, மரகதம்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எங்கோ ஒருவன் சிரித்தான். பெரியவர் சொந்தப் படத்து நாயகி பேரையே மறந்துவிட்டார் என்று எல்லாரும் சிரித்தார்கள். அதுவும் பிடித்துப்போய், மரகதம், மரகதம் என்று அரங்கம் அதிரக் கத்தினார்கள். திரையெல்லாம் பொரி பறந்தது.

இமை திறந்தது.

அவள் இடப்பக்கம் பார்த்தாள். அன்றைக்கு அவர் நின்ற பக்கம். இன்றைக்கு அவர் நின்றது வலப்பக்கம்.

மூடிக்கொண்டாள்.

"ஒன்ஸ் மோர்!"

விசிலும் கைத்தட்டலும் ஓயவில்லை. மேலே ஆபரேட்டருக்கும் இது பழக்கம்தான். படம் நின்றது, பின்னால் போனது. மறுபடியும் அவளைத் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தினார்கள்.

அவர் மைக்கை இருக்கையில் வைத்தார். சேவியரின் காலைத் தாண்டி, இருட்டில் முன்வரிசையைப் பிடித்துப் பிடித்து நடந்தார். இடப்பக்கச் சுவர் வரைக்கும் போய்த் திரையோரமாகத் திரும்பி நின்றார். ஓடி வந்தது போல் மூச்சு வாங்கியது.

எண்ணத் தொடங்கினார்கள்.

அழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதுவாகவே வந்தது. அந்த இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

இமை திறந்தது. அவள் பார்வை நேரே அவர் பக்கம் வந்து, அவர் தலைக்கு மேலே சுவரில் போய் நின்றது.

அன்றைக்கு அவருக்குக் கூன் இல்லை.