முடிச்சுக்கு இரண்டு விரல்

"மறுபடியும் அறுந்துபோச்சு! இது ரப்பரா, வேகவச்ச நூடுல்ஸா?"

உண்டிவில்லைக் கண்ணாடிப் பெட்டிமேல் டொக்கென்று வைத்தார் தலைமைப் பொறியாளர். ஓய்வு பெற்றவர்தான். ஓய்வு வேலைக்கு மட்டும், தோரணைக்கு இல்லை.

"வாங்க சார், உக்காருங்க. டீ ஆறுது" என்றார் விளையாட்டுச் சாமான் கடைக்காரர். கடையில் வேறு ஈ, காக்கை இல்லை. மேஜைமேல் இரண்டு டீ இருந்தது.

"டீ கிடக்கட்டும். வாராவாரம் இதே கூத்து! மொட்டை மாடியில அடுக்கி வச்ச டப்பாவெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்குது. நான் கட்டின பாலம் ஒண்ணாவது இப்படி அறுந்திருக்கா?"

"பாலத்தை யாரும் கன்னம் வரைக்கும் இழுத்துப் பார்க்கலியே, சார்."

பொறியாளர் முறைத்தார். முறைத்தபடியே டீயை எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை அறுந்துச்சு, நேரா பக்கத்துத் தெருக் கடைதான். அங்க போன்ல அளவு சொன்னாப் போதுமாம். வீட்டுக்கே அனுப்பிடுறானாம்."

டேப்பைத் தேடிக்கொண்டிருந்த கடைக்காரரின் கை ஒரு கணம் நின்றது.

"தாராளமா வாங்குங்க. ஆனா அளவை எப்படி எடுப்பீங்க? ஒரு கையில கட்டை, இன்னொரு கையில ரப்பர். டேப்பை யார் பிடிப்பாங்க?"

"ஏன், வீட்ல ஆளா இல்ல? வீட்டுக்காரி மக வீட்டுக்குப் போயிருக்கா. வந்ததும் பிடிப்பா."

"போன மாசமும் அங்கதானே இருந்தாங்க?"

"பெரிய வீடுய்யா. சுத்திப் பார்க்க நாளாகுமில்ல?"

"அப்போ மகனைப் பிடிக்கச் சொல்லலாமே?"

"அவனுக்கு மீட்டிங்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"ஞாயித்துக்கிழமைதான் முக்கியமான மீட்டிங். நீங்க முதல்ல அளங்க!"

இடது கையில் உண்டிவில்லை நீட்டி, வலது கையைக் கன்னத்தருகே வைத்து நின்றார். திறப்பு விழாவுக்கு யாரும் வராத சிலை மாதிரி இருந்தது.

கடைக்காரர் டேப்பின் ஒரு முனையைக் கட்டையில் வைத்து, மறுமுனையைக் கன்னம்வரை கொண்டுவந்தார். அவர் விரல் பட்டதும் பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். ஏதாவது தொழில்நுட்பக் காரணம் இருக்கும்.

"எண்பது சென்டிமீட்டர் இழுவை. அஞ்சுல ஒரு பங்கு ரப்பர், பதினாறு. கட்டையில ஒரு முடிச்சு, கல்லு வைக்கிற தோல்ல ஒரு முடிச்சு. அதுக்கு மேற்கொண்டு ரெண்டு விரல்."

"எனக்கே கணக்கா? ஒரு விரல் குறைஞ்சாலும் ரப்பர் தாங்காம அறுந்துடும். அதானே?"

"அதேதான் சார்."

கடைக்காரர் திரும்பி நின்று வெட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று. ரப்பரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

"இந்த வாட்டி நிக்கும் சார்."

"நிக்கணும். இல்லேன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கோப்புகளில் கையெழுத்துப் போட்ட காலத்து மிடுக்கோடு பொறியாளர் வெளியேறினார். தெரு திரும்பியதும் மிடுக்கு இறங்கிவிட்டது. ஆளில்லாத பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, பதற்றத்தோடு ரப்பரைப் பிரித்தார்.

'மிரட்டல் கொஞ்சம் ஓவராப் போச்சோ? அந்த மனுஷன் பயந்துபோய் சரியா வெட்டித் தொலைச்சிருந்தா?'

சட்டைப் பையிலிருந்து மடக்கு ஸ்கேலை எடுத்து வைத்தார். பதினாறு சென்டிமீட்டர். மீதியில் விரலை வைத்துப் பார்த்தார்.

ஒரே ஒரு விரல்தான் இருந்தது.

"அப்பாடா!" என்றார். எல்லா வாரமும் வெட்டிய அதே அளவு. ஒரு நூல் பிசகவில்லை.