மூன்று பேரில் யார்?

“உன்னைவிடக் கெட்டிக்காரங்க வெளியில வரிசையா நிக்கறாங்க. உன்னை எதுக்கு நான் எடுக்கணும்?”

கேட்டது அதிகாரி யாரும் இல்லை. பெற்ற அப்பாதான். சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த மகள், வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே தட்டில் இறக்கினாள்.

“சாப்பிட விடுங்கப்பா.”

“பதில் சொல்லிட்டு சாப்பிடு.”

ஒரு மாதமாக வீட்டில் இதே கூத்துதான். ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையைக்கூட மாற்ற மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி. அவள் கண் கலங்கினாலும் விடுவதில்லை.

“அங்க அழுதா யாரும் கைக்குட்டை தரமாட்டாங்க” என்பார்.

மனிதர் ஒரே கம்பெனியில் காலமெல்லாம் கணக்கு எழுதுகிறவர். கடைசியாக அவர் இன்டர்வியூவுக்குப் போனபோது தலை நிறைய முடி இருந்திருக்கும். இந்தக் காலத்து இன்டர்வியூவைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விடிந்தால் அவளுக்கு இன்டர்வியூ. புதிதாகக் கிளை திறக்கிற பெரிய கம்பெனி. மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஒரு வாரமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வேலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் மட்டும் போன இடத்திலெல்லாம் தெரிந்த பதிலைக்கூடச் சொல்ல வராமல் மென்று முழுங்கிவிட்டுத் திரும்பியவள். இதுவும் போனால் என்ன செய்வது என்றே தெரியவில்லை.

“சரி, இன்னைக்குப் புதுசா ஒண்ணு கேக்கறேன்” என்றார் அப்பா. “எதிர்ல மூணு அதிகாரிங்க உட்கார்ந்திருக்காங்க. ‘கம்பெனி நஷ்டத்துல போகுது. எங்க மூணு பேர்ல ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும். யாரை அனுப்புவே?’ன்னு கேக்கறாங்க. என்ன சொல்லுவே?”

“இதெல்லாம் யாருப்பா கேப்பாங்க? நீங்களா எதையாவது கிளப்பி விடறீங்க.”

“கேட்டா?”

“இருக்கறதுலயே வயசானவரை. சம்பளமும் அவருக்குத்தான் ஜாஸ்தி. கம்ப்யூட்டரும் சரியா வராது.”

அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது குரல் இன்னும் கடுமையாக இருந்தது.

“தப்பு. யோசிச்சு சொல்லு.”

“அப்ப கடைசியா சேர்ந்தவரை.”

“அதுவும் தப்பு.”

“எனக்குத் தெரியலைப்பா!” தட்டைத் தள்ளினாள். “நாளைக்கு இன்டர்வியூவை வெச்சுக்கிட்டு ஏன் இப்படி வதைக்கறீங்க? எனக்கு வேலை கிடைக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?”

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக வந்துவிட்டாள்.

“ஆபீஸ்ல யார்கிட்டயாவது வாங்கிக் கட்டிக்கிட்டு அந்தக் கோவத்தை இவகிட்ட காட்டறீங்களா? போற பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியல. நீங்கள்லாம் ஒரு அப்பாவா?”

அப்பா அசைந்துகொடுக்கவில்லை.

“பதில் சொல்லாம இங்கிருந்து எழுந்திரிக்கக் கூடாது.”

மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது.

“யார் என்ன வேலை செய்யறாங்கன்னே தெரியாம ஒருத்தரை எப்படிப்பா அனுப்பறது? வயசைப் பார்த்தா? சம்பளத்தைப் பார்த்தா? முதல்ல மூணு பேர் பக்கத்துலயும் உட்கார்ந்து அவங்க வேலையைப் பார்ப்பேன். அப்புறம்தான் வாயைத் திறப்பேன். போதுமா?”

அப்பா தள்ளிக் கிடந்த தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்.

“போதும். சாப்பிடு” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அந்தக் கம்பெனியின் வராந்தாவில் மகள் தன் முறைக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு முன்னால் போன பையன் முகம் செத்து வெளியே வந்தான். யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். அடுத்து இவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். முதல் கேள்வியே, “உங்களை எதுக்கு நாங்க எடுக்கணும்?”

நல்லவேளை, பதில் தானாக வந்தது. அடுத்ததற்கும் வந்தது. அப்பா கேட்டுக் கேட்டு உயிரை எடுத்த கேள்விகள் ஒன்று மாற்றி ஒன்றாக வந்தன. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் நடுவிலிருந்த அம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

“கம்பெனி நஷ்டத்துல போகுதுன்னு வெச்சுக்குங்க. எங்க மூணு பேர்ல ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும். யாரை அனுப்புவீங்க?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டு, நேற்று அழுதுகொண்டே கத்தியதை இன்று நிதானமாகச் சொன்னாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாள் சிரித்துவிட்டார்.

“அடுத்த வாரமே வந்து சேர்ந்துக்குங்க.”

மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தலையைத் தலையை ஆட்டினாள்.

“அசந்துட்டேன்மா” என்றார் அம்மாள். “இது நானே உட்கார்ந்து யோசிச்ச கேள்வி. நேத்துதான் முதல் தடவையா, கணக்கர் வேலைக்கு வந்த ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். ‘போன மாசம் என்னைத்தான் மேடம் அனுப்பினாங்க’ன்னார். அதுக்கு மேல அவரால பேச முடியல. எழுந்து கதவு வரைக்கும் போனவர், திரும்பி வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டார்: ‘நாளைக்கு வர்ற சின்னப் பிள்ளைங்ககிட்டயும் இதையே கேப்பீங்களா?’”