சுகிர்தனின் காது

சுகிர்தன் கண்களை இறுக மூடிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் மேசையில் இரண்டு பெட்டிகள். ஒன்று பழையது. மற்றது நேற்றுக் கொழும்பு பஸ்ஸில் வந்தது.

"மூண்டு தரம். எந்தப் பெட்டியில பாடுதெண்டு நான் சொல்லுறன். புஸ்பராணி அக்கா, நீங்கள்தான் சாட்சி."

நான் கறிவேப்பிலை கேட்டு வந்தவள். எங்கள் வளவிலும் கறிவேப்பிலை மரம் நிற்கிறது என்பது வேறு விஷயம்.

என்னைச் சாட்சிக்குப் பிடித்ததும் சும்மா இல்லை. மத்தியானம் நான் கண்டது பொழுதுபடுவதற்குள் எங்கள் ஓர்ஸ் ஹில் முழுக்கத் தெரிந்துவிடும்.

திருகோணமலையில் வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் பூட்ட நினைப்பவர்கள் சுகிர்தனைத்தான் கூப்பிடுவார்கள். மீட்டர் கீட்டர் ஒன்றும் வைக்க மாட்டார். காதால் கேட்டே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்ப்பார். போன மாதம் கிண்ணியாவில் அபூதாஹிர் நானா வீட்டில் பூட்டிக் கொடுத்தார். மறுநாளே நானா ஃபோன் எடுத்து, "தம்பி, பாட்டுக் கேக்க ஏலாது, காதுக்குள்ள ஊசி குத்துது" என்றாராம். பிறகு நிலாவெளியில் ஒரு வீட்டிலும் அதே முறைப்பாடு.

பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

ஆளுக்குக் காது போய்விட்டது என்று ஊர் கதைத்தது. அந்தக் கதை எங்கள் மதிலடியில்தான் தொடங்கியது. நான் மறுக்கவில்லை.

காதில் ஒரு பிழையும் இல்லை, குரொஸோவரில்தான் பிழை என்றார் சுகிர்தன். குரொஸோவர் என்பது பாட்டைப் பிரிக்கிற பெட்டி. தடித்த சத்தம் ஒரு அம்ப்ளிஃபயர் வழியாகப் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். மணியோசை மாதிரிக் கூரான சத்தம் இன்னொரு அம்ப்ளிஃபயர் வழியாகச் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும். நானாவுக்குப் பூட்டியதும் இந்தப் பழைய பெட்டியின் இனந்தானாம். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகிறதாம். புதியது கத்தியால் வெட்டின மாதிரிப் பிரிக்குமாம். டிஜிட்டல் இல்லை, அசல் அனலொக். ஒரு கிழமையாகச் சோறு தின்னும்போதும் இதே கதைதான் என்று அவர் மனைவி கீர்த்தனி என்னிடம் அழாக்குறையாகச் சொன்னாள்.

மூன்று தரமும் சரியாகச் சொன்னால் நாளைக்கே கிண்ணியா போய்ப் புதுப் பெட்டியைப் பூட்டுவார். ஒன்று பிழைத்தாலும் பெட்டி மூன்று மணி பஸ்ஸில் திரும்பிப் போகும்.

"பிழைச்சால் இந்தத் தொழிலை நான் இனித் தொட மாட்டன்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

கீர்த்தனி அவருக்குப் பின்னால் நின்று வயர்களை மாற்றினாள். மகள் லக்சாயினியின் அரங்கேற்றத்தில் பதிந்த பாட்டு. மிருதங்கம் வந்து என் வயிற்றில் இடித்தது.

"பழசு."

"ஓம்" என்றாள் கீர்த்தனி.

இரண்டாம் தரம் அவர் கனநேரம் எடுத்தார். எனக்கென்றால் பெட்டியை மாற்றினதே தெரியவில்லை. அவருடைய நெற்றியில் வேர்வை கோடாக இறங்கியது. கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. மூஞ்சையைச் சுளித்து, கையை உயர்த்தி, அது ஓயும் வரைக்கும் பொறுத்தார்.

"மிருதங்கம் விரிஞ்சு கேக்குது. புதுசு."

"ஓம்."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். ஒரு மாதமாகச் சொல்லிவந்த கதையை மாற்றிச் சொல்வதென்றால் சும்மாவா?

மூன்றாம் தரம். கீர்த்தனி மேசையடியில் அசையாமல் நின்றாள். பிறகு குனிந்தாள். அவளுடைய கை எங்கே போனதென்று நான் கண்டேன்.

பாட்டுத் தொடங்கியது.

சுகிர்தனின் கால்விரல்கள் தாளம் போட்டன. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பிள்ளை மேடையில் ஆடுவதைத் திரும்பவும் பார்க்கிற தகப்பனின் முகம்.

"கீர்த்தி! சலங்கை கேக்குதே? ஒவ்வொரு மணியும் தனித்தனியா! இது புதுசு. சந்தேகமேயில்லை, புதுசு!"



நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். ஓர்ஸ் ஹில்லில் என் வாயை இதுவரை யாரும் அப்படி மூடவைத்ததில்லை.

"ஓம்" என்றாள் அவள், பாட்டை நிறுத்திவிட்டு. "புதுசுதான்."

சுகிர்தன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "இப்ப போய்ச் சொல்லுங்கோ அக்கா, உங்கட ரேடியோவில! சுகிர்தன்ர காதுக்கு ஒண்டுமில்லையெண்டு!"

"சொல்லாமல் விடுவனே, தம்பி?"

அவர் அப்போதே நானாவுக்கு ஃபோன் எடுத்து, நாளைக்குக் காலமை வருவதாகச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, நானும் வாறன்" என்றாள் கீர்த்தனி.

"நீ எதுக்கு?"

"சும்மா. நீங்கள் பூட்டேக்க பக்கத்தில இருக்கிறன்."

அன்று பொழுதுபடுவதற்குள் ஏழு வீடு ஏறி இறங்கினேன். காதில் பிழையில்லை, பெட்டியில்தான் பிழை, என் கண்ணால் பார்த்தனான் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். நான் சொல்லி யார் நம்பாமல் விட்டார்கள்?

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் தரம் கீர்த்தனி குனிந்தது வயரை மாற்ற இல்லை. சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற அம்ப்ளிஃபயரை நிறுத்த. அவர் எழும்பும்போதுதான் திரும்பப் போட்டாள்.

அந்தத் தரம் அந்த அறையில் சலங்கைச் சத்தமே இல்லை.