இனி வரமாட்டார்

ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் கனிஷ்காவுக்கு உணவகத்தில் பயிற்சி தந்தவன் சீனியர் மாணவன் ரூபன். முதல் நாளே ஆர்டர் எடுக்கும் கைத்திரையைக் காட்டினான். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும், அவர் மறுபடி எந்தத் தேதியில் வருவார் என்று அது சொல்லிவிடும்.

“சிலருக்கு ‘இனி வரமாட்டார்’னு காட்டுதே, அண்ணா?”

“சாப்பாடு பிடிக்காதவங்க. இல்லைன்னா, போன வாரம் ஆறாம் டேபிள்ல ஒருத்தர் சாப்பிட்டார், அவர் மாதிரி. மறுநாளே இறந்துட்டார். இது சொன்னது ஒரு தடவைகூடத் தப்பானதில்ல.”

பயிற்சியின் கடைசி நாள் அவள் அப்பா சாப்பிட வந்தார். ரவா தோசையை ரசித்துத் தின்றார்.

“பிரமாதம் பாப்பா. இனி ஞாயிற்றுக்கிழமையானா இங்கதான்.”

கனிஷ்கா கைத்திரையைப் பார்த்தாள். இனி வரமாட்டார்.

கைகழுவ எழுந்தவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“காபி கொண்டு வர்றேன்.”

“ரெண்டு குடிச்சாச்சேம்மா!”

“கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வர்றேன்ப்பா. ஆறுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”