உள்பக்கத் தாழ்ப்பாள்

“மணி பன்னிரண்டு ஆகப்போகுது. இன்னும் அந்த ஒரு வாக்கியத்துலயே நிக்கிறோம், லுத்ஃபி,” என்றார் பேராசிரியர் வர்தியா.

அல்ஜியர்ஸில், வரலாற்றுத் துறையின் சிறிய அரங்கு. லுத்ஃபியின் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பின்வரிசையில் உறவினர்கள். அவன் அம்மா மடியில் மக்ரூத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிவு வந்ததும் எல்லாருக்கும் இனிப்பு கொடுக்க வேண்டும்.

ஆய்வு, கறுப்பு வருஷங்கள் எனப்படும் தொண்ணூறுகளின் உள்நாட்டுப் போரில் ஒரு மலைக்கிராமத்தில் ஆயுதக் கும்பல் செய்த கொலைகளைப் பற்றியது. அன்றிரவு ஊரே ஒரு வீட்டுக்குள் ஒளிந்திருந்தது. அந்த வீட்டுக்கு இரும்புக் கதவு. விடிந்தபோது கதவு திறந்து கிடந்தது. பிழைத்தவர்கள் சிலர்தான்.

“தாழ்ப்பாள் உடையல. போட்டோ இருக்கு. உள்ளே இருந்த யாரோதான் திறந்திருக்காங்க. நீ என்ன எழுதியிருக்க? ‘கதவு எப்படித் திறந்தது என்பது வரலாற்றுக்கு எட்டாதது. நம்மிடம் இருப்பவை கதைகள் மட்டுமே.’”

“பிழைச்சவங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க, மேடம். இதுதான் நடந்ததுன்னு தீர்ப்புச் சொல்ல நாம யாரு?”

“தாழ்ப்பாளும் கதையா சொல்லுது?”

“தாழ்ப்பாள் பேசாது, மேடம். நாமதான் பேச வைக்கிறோம்.”

தேர்வுக் குழுத் தலைவர் பெல்காசெம் கண்ணாடியைக் கழற்றினார். “சரி தம்பி. உனக்குப் பட்டம் குடுக்காம அனுப்பிட்டு, குடுத்ததா ஒரு கதை சொல்லிக்கோன்னு விட்டுடலாமா?”

அரங்கு சிரித்தது. லுத்ஃபி சிரிக்கவில்லை.

நடுவர்கள் பக்கத்து அறைக்குப் போனார்கள். வாக்கியத்தை மாற்றினால் பட்டம். இல்லாவிட்டால் இல்லை. அதைச் சொல்ல வர்தியா தாழ்வாரத்துக்கு வந்தார். நல்ல மாணவன். இழக்க மனம் வரவில்லை.

“‘உள்ளேயிருந்து ஒருவர் திறந்தார்.’ இவ்வளவுதான். பேர்கூட வேண்டாம்.”

“முடியாது, மேடம்.”

“ஆறு வருஷ உழைப்புடா. எவனோ எழுதின தத்துவத்துக்காகத் தூக்கி எறியப் போறியா? செத்தவங்களோட சொந்தக்காரங்க முகத்துல முழிக்க முடியுமா உன்னால?”

அவன் முகம் கழுவப் போனான்.

அம்மா அருகில் வந்து தட்டை நீட்டினாள். “ஒண்ணு எடுத்துக்குங்க, டாக்டரம்மா. என் பையன்மேல கோபமா? எனக்குப் படிப்பு வராது. உள்ள நீங்க பேசின பிரெஞ்சும் புரியல. அப்படி என்ன எழுதிட்டான்?”

“கதவை யார் திறந்தாங்க, திறந்தாங்களா இல்லையான்னே யாராலயும் சொல்ல முடியாதாம்.”

“இதையா எழுதியிருக்கான்?” அவள் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். “சின்னதிலேர்ந்து என்கிட்டயும் இதையேதான் சொல்றான். நீங்க என்ன சொல்றீங்க?”

“உள்ளே இருந்த ஒருத்தர் திறந்தாங்க. அது உண்மை. உண்மையை எழுதித்தான் ஆகணும்.”

அம்மா தலையாட்டினாள்.

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, டாக்டரம்மா. ‘மெசவூதா, ராணுவம் வந்திருக்கோம், திற’ன்னாங்க. நீங்களா இருந்தா திறந்திருக்க மாட்டீங்களா?”