நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு பொட்டலம்

"இங்கேருந்து ஆல்பர்ட்டா எவ்வளவு தூரம் கண்ணு?"

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு எஃபி அத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாயிரம் கிலோமீட்டர் என்றேன். நடுவில் டொராண்டோவில் விமானம் மாறி, காத்துக்கிடந்து, போய்ச் சேரப் பத்து மணி நேரமாவது ஆகும் என்றேன். என் புருஷன் சிரிலை ஆல்பர்ட்டா எண்ணெய் வயல் வேலைக்கு விமானம் ஏற்றிவிடக் கிளம்பும்போதெல்லாம் இதே பாட்டு.

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் எங்கள் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மேற்கே வேலைக்குப் போகிறவன் பெட்டியில் அவன் துணிக்கு இடம் கிடையாது. அக்கம்பக்கத்து அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவது போக மிச்சம் இருந்தால்தான் சட்டை. அத்தையும் மகன் டெரிக்குக்கு, கல்லாய் உறைந்த காட் மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்துவிடுவாள்.

டெரிக் அங்கே இருந்தால்தானே!

ஆட்குறைப்பில் ஆகஸ்டிலேயே அவனுக்கு வேலை போய்விட்டது. ஊரே கூடி விருந்து வைத்து வழியனுப்பிய பிள்ளை எந்த முகத்தோடு திரும்புவான்? சிரில் விமானம் ஏறும் அதே செயின்ட் ஜான்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் ஒளிந்துகொண்டு வேலை தேடுகிறான். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்.

அம்மாவுக்குத் தெரிந்தால் கண்காணாமல் போய்விடுவேன் என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தான். சத்தியம் அவனுக்கு, பொய் சொல்வது நான். நல்ல பிழைப்பு!

"நேத்து போன் பண்ணினான்," என்றாள் அத்தை. "சாயங்காலம் ஆறு மணி இருக்கும். 'நல்லா இருட்டிடுச்சும்மா, விளக்கைப் போடணும்'னான். அங்கே நம்மளவிட மூணரை மணி நேரம் பின்னாடி இல்லியோ?"

முட்டாள்! பொய் சொல்லத் துப்பில்லாதவன் எதற்குப் போனை எடுக்கிறான்?

"அது வடக்கு இல்லியா அத்தை. சீக்கிரமே இருட்டிடும்," என்று சமாளித்தேன்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு எந்த வடக்கில் இருட்டும் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டினேன்.

சிரில் ஹாரனை அடித்தான்.

அத்தை கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். துணியில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. கையுறை போட்ட கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவனைத் திட்டாதீங்க," என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

தெருமுனை தாண்டியதும் மடி கதகதத்தது. அப்புறம் சுட்டது. முடிச்சை லேசாகப் பிரித்தேன். அப்போதுதான் பொரித்து எடுத்த மீன் கட்லெட். ஆவி முகத்தில் அடித்தது.

பாவி மனுஷி. இத்தனை நாளும் என் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தாளா?

"என்னடி, ஏன் அழறே?" என்றான் சிரில்.

"உங்க கேள்வியை அப்புறம் வெச்சுக்கோங்க. வேகமா ஓட்டுங்க, ஆறிடும்."