மாற்ற மறந்த வேகம்

"கிளீவ்! செத்தவன் எப்படிடா புதுப் பாட்டு பாடுவான்?"

தொலைபேசியில் அலறியது மளிகைக்கடை வெர்னன். பின்னால் அவன் மனைவி ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டைப் பார்த்தேன்.

அன்று நான் பாட்டுப் போடும் ஹெலீனா ஊர் வானொலியில் ஜூனியஸ் டால்பர்ட் நினைவு நாள். முதல் ராக் அண்ட் ரோல் பாட்டிலேயே அர்கன்சாஸைத் தூங்கவிடாமல் செய்தவன். மூன்று வருடம் முன்பு விமானத்தோடு கடலில் விழுந்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவனுடைய பெரிய ஆல்பத்தை நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று வேகத்தில் போட்டு, வழக்கம்போல் அழுதேன்.

அடுத்தது, அவன் அக்கா ஒடெஸ்ஸா பாடியதாக வந்திருந்த சின்ன இசைத்தட்டு. பக்திப் பாட்டு. தேவாலயத்தில் பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்பவள், எப்படியோ வெளியிட்டிருந்தாள். அதை நாற்பத்தைந்து வேகத்தில் ஓட்ட வேண்டும். அழுகையில் மாற்ற மறந்துவிட்டேன்.

வேகம் குறைந்தால் குரல் தடித்து, பாட்டு தூங்கி வழியும். இது தூங்கவில்லை. பியானோ குதித்தது. ஜூனியஸ் பாடினான்! அதே கரகரப்பு, வரி முடிவில் அதே விக்கல்.

மறுபடி தொலைபேசி. முதலாளி.

"அந்தம்மா கிளம்பி வந்துக்கிட்டிருக்கு. கால்ல விழுந்தாவது மன்னிப்பு வாங்கு. இல்லேன்னா நாளைக்குப் பருத்தி மூட்டை தூக்கப் போ!"

மூட்டையும் என் முதுகும் ஒத்துப்போகாது. விழத் தயாரானேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு ஒடெஸ்ஸா நுழைந்தாள்.

"எங்கடா என் ரெக்கார்டு?"

"வேணும்னு செய்யலை சிஸ்டர். நான் ஒரு கழுதை."

"அது ஊருக்கே தெரியும். எடு."

கொடுத்தேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"சிஸ்டர், மெதுவா ஓட்டியும் பாட்டு இழுக்கலையே? இதான் பாடின வேகம். அப்புறம்தான் வேகத்தைக் கூட்டித் தட்டு அடிச்சிருக்கீங்க. அதானே?"

அவள் முகம் வெளுத்தது. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லைங்க."

என் மூளை வாழ்க்கையில் முதல்முறையாகப் பளிச்சிட்டது.

"அப்போ ஜூனியஸ் ஆல்பம் எல்லாமே நீங்க பாடினது! மெதுவாக்கி ஆம்பளைக் குரலாக்கிட்டாங்க. அவன் சும்மா வாயசைச்சான். மூணு வருஷமா நான் யாருக்காக அழுதேன்? சொல்லுங்க சிஸ்டர், யார் பாடினது?"

ஒடெஸ்ஸா தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"நிஜமாவே அவனுக்காக அழுதியா?"

"வருஷா வருஷம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டுக் கேளு. எனக்குப் பாடவே வராது. கூட்டமும் கூச்சலும் வேணாம், இனி சாமிக்கு மட்டும்தான் பாடுவேன்னு ஒருத்தன் அந்த விமானத்துல ஏறாமலே வீட்டுக்கு வந்துட்டான். இப்ப வெளியில கார்ல, போர்வைக்குள்ள கிடக்கான். உன்னை உதைக்க அவனே வரேன்னான். செத்தவன் பட்டப்பகல்ல நடமாடக் கூடாதுன்னு நான்தான் பூட்டிட்டு வந்தேன்."